மேற்கு ஜன்னலும் நாலு மணி வெயிலும்: திரைச்சீலை போடப்போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திரைச்சீலைக் கடையில் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி, "என்ன கலர் பார்க்கிறீர்கள்?" என்பதுதான். வெயிலுக்காகத் திரை வாங்கப் போகிறவர் இதற்குக் கடைசியாகப் பதில் சொன்னால் போதும். ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, வெயில் எத்தனை மணிக்கு அதில் விழுகிறது, திரைக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு சந்து விடப்போகிறோம் என்ற மூன்றும் முடிவான பிறகு துணியைப் பார்க்கலாம். விலை உயர்ந்த தடித்த துணியை வாங்கி, வளையம் கோத்து, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளித் தொங்கவிட்டுவிட்டு, "ஒன்றும் குளிர்ச்சியாக இல்லையே" என்று அலுத்துக்கொள்ளும் வீடுகள் ஏராளம். பெரும்பாலும் துணியில் குறை இருக்காது. அதைத் தொங்கவிட்ட விதத்தில்தான் இருக்கும்.

சென்னை, வேலூர், திருச்சி, மதுரை போன்ற வெயில் ஊர்களில், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் உள்ள வீட்டில், முதன்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஊட்டிக்காரர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் கடைசியில் சில வரிகள் உண்டு.

முதலில் கண்ணாடியைப் பற்றி

சாதாரண ஒற்றைக் கண்ணாடி, தன் மேல் நேராக விழும் வெயிலின் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடும். உள்ளே வந்த ஒளி தரையிலும் கட்டிலிலும் அலமாரியிலும் பட்டு வெப்பமாக மாறுகிறது. சூடேறிய பொருள்கள் திரும்ப வெளியிடும் கதிர்களின் அலைநீளம் வேறு. அவற்றைக் கண்ணாடி நேராக வெளியே விடாது. உள்ளே வர வழி உண்டு, அதே வழியில் திரும்ப முடியாது. பூட்டி வைத்த காருக்குள் நடப்பதும் இதேதான்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலை, அது இன்னும் ஒளியாக இருக்கும்போதே திருப்பி அனுப்பிவிட வேண்டும். வெள்ளைப் பரப்பு அதைச் செய்யும். கறுப்போ கரும்பழுப்போ அந்த ஒளியைக் குடித்துத் தானே சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள் விடும். ஆகவே, அறைப் பக்கம் திரை எந்த நிறத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும். கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும். நடுத்தர நிறத் துணிக்கு வெள்ளை பிளாஸ்டிக் பின்புறம் கொடுத்தால் ஜன்னல் வழியாக வரும் வெப்பம் 33 சதவீதம் வரை குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு என்பது பெரிய விஷயம். ஆனாலும் மீதி இரண்டு பங்கு உள்ளே வரத்தான் செய்யும் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். திரைச்சீலை போட்டால் ஏசியே தேவைப்படாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படி 1: எந்த ஜன்னல் என்று கண்டுபிடியுங்கள்

எல்லா ஜன்னலுக்கும் ஒரே நாளில் வாங்கிவிடுவதுதான் வழக்கம். பணம் வீணாவதும் அங்கேதான். மே மாதத்தில் ஒரு நாள் வீட்டில் இருந்து, காலை 8, நண்பகல் 12, மாலை 4 ஆகிய மூன்று வேளையும் எந்த ஜன்னலில் நேர் வெயில் விழுகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கணக்கு பலருக்கு வியப்பாக இருக்கும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வந்து, பிறகு ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கிறது. கத்திரி வெயில் கொளுத்தும் நாள்களில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழுவதே இல்லை. தெற்கு ஜன்னல் வெயில் வாங்குவது கார்த்திகை, மார்கழியில். அப்போது அந்த வெயில் இதமாகவே இருக்கும். குளிர்நாட்டு இணையதளங்களைப் படித்துவிட்டுத் தெற்கு ஜன்னலுக்கு முதலில் திரை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோடையில் நம்மை வாட்டுவது கிழக்கும் மேற்கும்தான். இரண்டு பக்கமும் விழும் வெயில் ஏறக்குறைய ஒரே அளவு. காலையில் காற்றும் சுவரும் குளிர்ந்திருப்பதால் கிழக்கு வெயில் அவ்வளவாக உறைப்பதில்லை. மேற்கு வெயிலோ, நாள் முழுக்கக் காய்ந்த வீட்டின் மேல் வந்து விழுகிறது; ராத்திரி பதினொரு மணிக்கும் படுக்கையறைச் சுவர் கையைச் சுடுவது இதனால்தான். மே, ஜூனில் சூரியன் மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி மறைவதால், வடக்கு ஜன்னலிலும் மாலையில் சாய்வெயில் எட்டிப்பார்க்கும்.

"எங்களுக்குச் சன்ஷேடு இருக்கிறதே" என்பார்கள். உச்சி வெயிலுக்கு அது உதவும். மேற்கு வெயிலுக்கு உதவாது. மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 33 பாகை உயரத்தில் இருக்கும். இரண்டடி நீட்டிய சன்ஷேடின் நிழல் அப்போது சுவரில் ஒன்றரை அடிகூட இறங்காது. 5 மணிக்கு முக்கால் அடி தேறினால் பெரிது. நான்கடி உயர ஜன்னலில் மீதியெல்லாம் வெயில்தான்.

கையில் பணம் கொஞ்சமாக இருந்தால், மேற்கு ஜன்னல் ஒன்றுக்கு மட்டும் நன்றாகச் செய்யுங்கள். மற்றவை அடுத்த வருடம் ஆகட்டும்.

படி 2: வெளியே மறைக்க வழி உண்டா என்று பாருங்கள்

திரைச்சீலை பற்றிய கட்டுரையில் இதைச் சொல்வது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதற்கு ஈடு எதுவும் இல்லை. மேற்கு ஜன்னலின் வெளிப்பக்கம் சாய்ப்புத் துணி கட்டினால் வெப்ப வரவு 77 சதவீதம் வரை குறையும் என்று அதே அமெரிக்கத் துறை சொல்கிறது. உள்திரைக்கு 33, வெளித்திரைக்கு 77. நம் பாட்டி வீடுகளில் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி தொங்கவிட்டதும், ஜன்னலுக்கு வெளியே திறக்கும் பலகைக் கதவு வைத்ததும் காரணத்தோடுதான்.

பால்கனி இருந்தால் மூங்கில் திரையையோ நர்சரிகளில் கட்டும் பச்சை நிழல்வலையையோ வெளி விளிம்பில் கட்டலாம். வெட்டிவேர் தட்டிக்குத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் வேலூர், மதுரை மாதிரி வறண்ட காற்று உள்ள ஊர்களில் நன்றாகப் பலன் தரும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் தண்ணீர் எளிதில் ஆவியாகாது. வாசனை மட்டும் மிஞ்சும்.

அடுக்குமாடிச் சங்கம் வெளியே எதையும் கட்ட விடவில்லை, அல்லது வாடகை வீடு என்றால் உள்திரைதான் வழி. அதைச் சரியாகச் செய்வோம்.

படி 3: அளவெடுப்பது

ஆயத்தத் திரைகள் நம் கடைகளில் மூன்று உயரங்களில் கிடைக்கும்: ஜன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடி, உயரமான கதவுக்கு 9 அடி. ஒரு திரையின் அகலம் பெரும்பாலும் 4 அடி. கடைக்குப் போகுமுன் இவற்றை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நான்கடிக்கு நான்கடி ஜன்னல் என்று வைத்துக்கொள்வோம். திரை, ஜன்னலைவிடப் பக்கத்துக்கு ஒன்பது அங்குலமாவது கூட இருக்க வேண்டும். ஆகக் கம்பி ஐந்தரை அடி. மேலே ஆறு அங்குலம், கீழே ஆறு அங்குலம் கூட்டினால் உயரம் ஐந்தடி. ஆயத்தத் திரையே பொருந்திவிடுகிறது. அகலத்தில்தான் எல்லோரும் சிக்கனம் பிடிப்பார்கள். ஐந்தரை அடிக் கம்பிக்கு ஐந்தரை அடித் துணி போதாது. கம்பியின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை துணி வேண்டும். மூடிய பிறகும் மடிப்பு மடிப்பாக நின்றால்தான் நடுவில் சந்து விழாது. மடிப்புகளுக்குள் தேங்கும் காற்றும் வெப்பத்தைத் தடுக்கும். இரண்டு திரை வாங்கினால் எட்டடி. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. போதும்.

தைக்கக் கொடுப்பதானால், பருத்தித் துணியை ஒரு முறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே திரை மேலேறி, ஜன்னலின் கீழ் விளிம்பு தெரிய ஆரம்பித்துவிடும்.

படி 4: துணி

இப்போது துணிக்கு வரலாம். மெல்லிய வலைத்துணி அழகுக்கு மட்டும், அதை மறந்துவிடுங்கள். நெருக்கமாக நெய்த துணி வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம்: செல்போன் டார்ச்சை எரியவிட்டுத் துணியின் பின்னால் பிடியுங்கள். ஒளி புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் நெசவு தளர்வு. மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தால் பரவாயில்லை. ஒன்றுமே தெரியாவிட்டால் அது 'பிளாக்அவுட்' ரகம்.

பிளாக்அவுட்டில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்றில் துணியின் பின்புறம் வெள்ளையாகவோ வெள்ளி நிறத்திலோ பூச்சு இருக்கும். மற்றதில் இரண்டு பக்கமும் ஒரே நிறம், நடுவில் கறுப்பு நூல். நம் வேலைக்கு முதல் வகைதான் உகந்தது. இரண்டாவது வகை பகலில் தூங்குகிறவர்களுக்கு இருட்டைத் தரும். கருநீலத்திலோ மெரூனிலோ வாங்கினால் வெயிலைக் குடித்துச் சூடாகித் தொங்கும். இருட்டு வேறு, குளிர்ச்சி வேறு.

புதிதாக வாங்க மனமில்லையா? வீட்டில் ஏற்கெனவே இருக்கும் திரைக்குப் பின்னால் வெள்ளைப் பருத்தித் துணியை லைனிங்காகத் தைத்துவிடலாம். பழைய வெள்ளை வேட்டிகூட ஆகும். இரட்டையாக மடித்துத் தைத்தால் போதும். வெயிலில் சாயம் போவதும் நூல் இற்றுப்போவதும் லைனிங்கோடு நின்றுவிடுவதால் முன்துணியும் நீடித்து உழைக்கும். கரூர்ப் பக்கம் போகிறவர்கள் திரைத்துணியை அங்கே பார்த்துவிட்டு வரலாம். வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியில் பெயர்பெற்ற ஊர் என்பதால் தரமும் தேர்வும் அதிகம்.

படி 5: மாட்டுவது (அவசரப்படக் கூடாத இடம்)

வெயில் படும் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே சிக்கிய காற்று சூடாகிறது. சூடான காற்று மேலே ஏறி, திரையின் மேல் சந்து வழியாக அறைக்குள் வழிகிறது. அந்த இடத்தை நிரப்ப அறையின் குளிர்ந்த காற்று கீழ் விளிம்பு வழியாக உள்ளே போகிறது. அதுவும் சூடாகி மேலே ஏறுகிறது. மேலும் கீழும் திறந்து தொங்கும் திரை, அடுப்பு மேல் வைத்த புகைபோக்கி மாதிரி மாலை முழுக்க இதையே செய்துகொண்டிருக்கும். இந்த ஓட்டத்தை உடைப்பதுதான் மாட்டும் கலை.

மேலே: பழைய வீடுகளில் பெல்மெட் என்று ஒரு மரப்பெட்டி கம்பியை மூடி இருக்கும். தூசி அடைகிறது என்று எல்லோரும் கழற்றிப்போட்டுவிட்டார்கள். வெப்பத்தைப் பொறுத்தவரை அது வேலை செய்துகொண்டிருந்த பெட்டி. தச்சரைக் கூப்பிட முடியாவிட்டால், ஆறு அங்குல அகலப் பலகை ஒன்றைக் கம்பிக்கு மேலே சுவரோடு ஒட்டிப் படுக்கவாட்டில் அடித்தால் போதும். சூடான காற்று அதன் அடியிலேயே தங்கும்.

பக்கங்களில்: நேர்க்கம்பியை விட்டு, இரு முனையும் சுவரை நோக்கி வளைந்த கம்பியை வாங்குங்கள். திரை சுவர் வரை திரும்பிப் பக்கவாட்டை அடைத்துக்கொள்ளும். நேர்க்கம்பி ஏற்கெனவே இருக்கிறது என்றால், திரையின் கடைசி வளையத்தைக் கம்பியில் கோக்காமல் சுவரில் ஒரு சின்னக் கொக்கி அடித்து அதில் மாட்டுங்கள். அதே விளிம்பில் மூன்று நான்கு இடத்தில் வெல்க்ரோ துண்டு ஒட்டினால் இன்னும் நல்லது. இரண்டு திரை நடுவில் சேரும் இடத்தில் நான்கு அங்குலமாவது ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும்.

கீழே: திரை தரையைத் தொட்டால் சிறப்பு. ஜன்னல் திரை என்றால் சுவரோடு படிந்து நிற்க வேண்டும். நம் வீடுகளில் சீலிங் ஃபேன் ஓயாமல் சுற்றுவதால் திரை அலைந்துகொண்டே இருக்கும். கீழ் மடிப்பில் ஒரு முழத்துக்கு ஒன்றாகப் பழைய நாணயங்களை வைத்துத் தைத்துவிட்டால் அடங்கி நிற்கும்.

பெரிய உலோக வளையம் வைத்த திரைகள் இப்போது எங்கும் விற்கின்றன. இழுக்க எளிது, பார்க்கவும் எடுப்பு. ஆனால் மேல் விளிம்பு பாம்புபோல் வளைந்து நிற்பதால் சூடான காற்று வெளியேற வழி விட்டுக்கொண்டே இருக்கும். மேலே பலகை அடித்தால் வளையம் பரவாயில்லை; பலகை இல்லையென்றால் கொக்கி வைத்த மடிப்புத் திரையே மேல்.

டிரில் போடுவதில் ஒரு சங்கதி. ஜன்னலுக்கு நேர் மேலே, சுவரைத் தாங்கும் லிண்டல் என்ற கான்கிரீட் உத்தரம் இருக்கும். அதில் சாதாரண டிரில் முனை வழுக்கும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி தட்டினால் நின்றே போகும். அதற்கு ஹேமர் டிரில் வேண்டும். அல்லது லிண்டலுக்கு மேலே ஏறிச் செங்கல் சுவரில் துளையிட வேண்டும். செங்கல் சுவரில் பூச்சு உதிரும் என்பதால் பிளக் வைத்தே ஸ்குரு முடுக்குங்கள். லைனிங் வைத்த திரை கனமானது. பூச்சில் மட்டும் பிடித்திருக்கும் ஸ்குரு, குழந்தை ஒரு முறை இழுத்ததும் கையோடு வந்துவிடும். வீட்டுக்காரர் துளையிட விடமாட்டார் என்றால், ஜன்னல் குழிக்குள்ளேயே இறுக்கி நிற்கும் ஸ்பிரிங் கம்பி கிடைக்கிறது. நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்திருப்பதால் சில வீடுகளில் இதுவே நன்றாக அடைக்கும்.

மாட்டி முடித்த மறுநாள் மாலை 4 மணிக்கு ஒரு சோதனை. மெல்லிய டிஷ்யூ தாளில் ஒரு கீற்றைக் கிழித்து, ஃபேனை நிறுத்திவிட்டு, திரையின் மேல் விளிம்பருகே பிடியுங்கள். கீற்று படபடத்தால் அங்கே சூடான காற்று கசிகிறது. அந்த இடத்தை அடையுங்கள். ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். பாலியெஸ்டர் துணிக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். பூஜை விளக்குக்கும் அடுப்புக்கும் எட்டும் இடத்தில் திரையே வேண்டாம்.

படி 6: எப்போது மூடுவது, எப்போது திறப்பது

நல்ல திரையை வாங்கி நேரம் தவறி மூடுகிறவர்களுக்குப் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. வெயில் கண்ணில் குத்திய பிறகு எழுந்து போய் மூடுவதுதான் நம் வழக்கம். அதற்குள் தரை சூடேறிவிட்டது. மேற்கு ஜன்னலைப் பன்னிரண்டு மணிக்கே, நேர் வெயில் விழத் தொடங்கும் முன் மூடிவிடுங்கள். கிழக்கு ஜன்னல் சூரியன் எழும்போது மூடி, பதினொரு மணிக்கு மேல் திறக்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கிளம்பும்போதே மேற்குத் திரையை இழுத்து மூடிவிட்டுப் போவது நல்லது. மாலை ஆறரைக்குத் திரும்பும்போது வித்தியாசம் தெரியும்.

உள்நாட்டு ஊர்களில் பகலில் வெளிக்காற்று வீட்டுக்காற்றைவிடச் சூடாக இருக்கும்; ஆகவே திரையோடு கண்ணாடியையும் மூடுங்கள். சென்னையில் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கினால், கிழக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு மேற்குத் திரையை மட்டும் மூடியே வைக்கலாம். பொழுது சாய்ந்து வெளியே குளிர்ந்ததும் எல்லாத் திரையையும் ஒதுக்கி ஜன்னலைத் திறக்க வேண்டும். பகலில் வெயிலைத் தடுத்த அதே திரை, இரவில் வீட்டுச் சூட்டை வெளியே போக விடாது. கொசுவுக்குப் பயந்து சாயங்காலமே எல்லாவற்றையும் அடைக்கும் வீடுகளில் திரைச்சீலைக்கு முன்பே கொசுவலை அடிப்பது நல்லது.

ஏசி உள்ள அறையில் பகல் இரவு எப்போதும் திரை மூடியே இருக்கலாம். ஏசியின் குளிர்காற்று திரைக்குப் பின்னால் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் குளிரவைப்பதற்கு நாம் மின்கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஏசியில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது இந்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம். மேற்கு வெயிலைத் தடுத்துவிட்ட அறையில் 24-ஐ 26 ஆக்குவது கஷ்டமாக இருக்காது.

கடைசி மாடியில் குடியிருப்பவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சூரியன் உச்சியில் நிற்கும் ஊரில் வெயிலை அதிகம் வாங்குவது மொட்டை மாடி. ஜன்னலில் என்ன போட்டாலும் கூரைச் சூடு இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அவர்கள் முதல் செலவை மாடிக்கு வெள்ளை அடிப்பதில் செய்யட்டும். திரை அதற்கு அடுத்தது.

மழைக்காலமும் சலவையும்

ஐப்பசி மழையில் மூடியே கிடக்கும் திரையின் பின்னால் சுவர் ஈரம் கோத்துக் கரும்பூசணம் பிடிக்கும். மழை விட்ட நாள்களில் திரையை முழுக்க ஒதுக்கிக் காற்றாட விடுங்கள். பூச்சுள்ள பிளாக்அவுட் துணியை முறுக்கிப் பிழியக் கூடாது, பூச்சின் மேல் இஸ்திரி போடக் கூடாது. பூச்சு வெடித்து உதிர்ந்தால் ஒளி ஊசி ஊசியாக உள்ளே வரும். தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். பிளைண்ட்ஸ் போடுகிறவர்கள் தொங்கும் கயிற்றைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் சுற்றி மாட்டுங்கள். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது.

ஊட்டி, கொடைக்கானல், கடல் தாண்டிய குளிர் ஊர்கள்

இங்கே நேர அட்டவணை தலைகீழ். பகலில் வெயில் விழும் ஜன்னலின் திரையைத் திறந்து வெப்பத்தை உள்ளே விடுங்கள். பொழுது இறங்கியதும் எல்லாவற்றையும் மூடுங்கள். சந்துகளை அடைக்கும் விதி அப்படியே பொருந்தும், காற்று ஓடும் திசை மட்டும் மாறும்: கண்ணாடியருகே குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கி, திரையின் அடி வழியாகக் காலில் வந்து படும். ஆகவே கீழ் விளிம்பை முதலில் அடையுங்கள். லண்டன் மாதிரி ஊர்களில் ஜன்னலுக்கு அடியில் ரேடியேட்டர் இருந்தால், நீளத் திரை அதன் மேல் விழுந்து மறைக்கக் கூடாது. மறைத்தால் சூடெல்லாம் திரைக்குப் பின்னால் ஏறிக் கண்ணாடி வழியாகப் போய்விடும். திரையை ஜன்னல் திட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவில் மூடிய திரைக்குப் பின்னால் கண்ணாடியில் நீர் கோத்திருக்கும். காலையில் திரையை ஒதுக்கியதும் பழைய துணியால் துடைத்து, சட்டத்தின் அடியில் தேங்கியதையும் ஒற்றி எடுங்கள்.